கசிவறிஞர்

வீட்டின் முன்புறம் தரைக்கடியில் கட்டப்பட்டு நகராட்சிக் குழாய் நீரைச் சேர்த்துவைக்கும் ‘சம்ப்’ எனும் தொட்டிக்கும், மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்கும் இடையே சுவரையொட்டி ஏறிச்செல்லும் டெலிவரிக் குழாய், தமிழக நடுத்தர வர்க்கத்தில் ஒரு தனி மனிதவகையைத் தோற்றுவித்திருக்கிறது. பணி ஓய்வு பெற்றவராகவும், லுங்கியை மடித்துக் கட்டியவராகவும், பிளம்பரை அழைக்கலாமா என்று யாரேனும் கேட்டால் தம் படிப்பையே குறைகூறியதாகக் கொள்பவராகவும் காணப்படும் இவ்வகையினரைக் கசிவறிஞர் எனலாம். எல்லா ஊரிலும் இவர்கள் உண்டு எனினும் விருத்தாசலத்துக் கசிவறிஞர் தனித்து ஆராயத்தக்கவர். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அமைந்த அவ்வூரில், சூளையருகே பாதி ஆயுளைக் கழித்த ஒருவர், விரிசலைப் பற்றித் தாம் கற்க இனி ஏதுமில்லை என்று நம்பினால் அதில் வியப்பதற்கில்லை.

மின்சாரப் பெட்டியில் செருகும் ஃபியூஸ் கேரியரானாலும் கார்த்திகைக்கு ஏற்றும் அகல்விளக்கானாலும், சூளையிலிருந்து வெளிவந்ததும் அதை விரலால் சுண்டிப் பார்ப்பது பீங்கான் தொழிலின் பழைய சோதனை. நன்றாக வெந்து விரிசலின்றி இருப்பது கணீரென ஒலிக்கும், உள்விரிசல் உடையது ‘டொக்’ என்று அடங்கிவிடும். கசிவறிஞர் இச்சோதனையை பி.வி.சி. குழாய்க்கும் அப்படியே பொருத்துகிறார். பி.வி.சி.யோ உடைந்தாலும் உடையாவிட்டாலும் ‘டொக்’ என்றே ஒலிக்கும் பொருளாதலால், குழாய் முழுவதுமே பழுது என்ற முடிவை அவர் முதல் நாள் காலைக் காப்பிக்கு முன்பே எட்டிவிடுகிறார்.

அடுத்து வருவது கோட்பாடு. நீர் நிற்கும் உயரம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் வீதம் அழுத்தம் கூடும் என்பது உண்மை. ஆகவே மோட்டாருக்கு அருகில்தான் அழுத்தம் மிகுதி, அங்கேதான் கசிவும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். முக்கியமானவை யாவும் கீழேயே இருக்கும் என்ற இக்கொள்கைக்கு ஊரிலேயே சான்றுகள் இருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. பழமலைநாதர் கோயிலில் தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கித் தரிசிக்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையார் ஒரு சான்று. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கும் அடியில் அமுக்குண்டு கிடந்து, இரவுபகலாக இறைக்காவிட்டால் சுரங்கத் தளத்தையே பெயர்த்துக்கொண்டு மேலெழக்கூடிய நீர் மற்றொன்று. வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் நெய்வேலிச் சுரங்கத்தில் இறங்கி மீண்டு வருவதற்குள், கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்துவிடலாம்.

“என்னங்க, மாடியில போய் ஒரு தரம் பாத்துட்டு வாங்களேன்” என்று மனைவி சொன்னால், “பிரஷர் கீழதான் இருக்கு, உனக்குப் புரியாது” என்று விடை வரும். முழங்கால் வலியால் அவர் மாடிப்படி ஏறி ஆண்டுகள் பலவாயின என்பதை இவ்விடையில் யாரும் கண்டுகொள்ளலாகாது.

உண்மையில் கசிவு எப்போது சொட்டுகிறது என்பதே அது எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். சம்பினுள் உறிஞ்சுகுழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட்வால்வு, நீரை மேலே போகவிட்டுத் திரும்பிவர விடாமல் தடுக்கும் ஒருவழிக் கதவு. அது சரியாக இருக்கும்வரை மோட்டார் நின்ற பின்னும் குழாயில் நீர் நிற்குமாதலால், கீழ்ப்பகுதி இணைப்பில் பழுதிருந்தால் மோட்டார் ஓய்ந்தாலும் சொட்டு ஓயாது. மோட்டார் ஓடும்போது மட்டும் சொட்டி, நிறுத்தியதும் சற்று நேரத்தில் அடங்கினால், நீர் ஓட்டத்தின்போது மட்டுமே எட்டும் உச்சிப்பகுதியையே ஐயுற வேண்டும். உறிஞ்சுகுழாயில் பழுதிருந்தாலோ, ஓடும்போது நீர் வெளியே வராமல் காற்று உள்ளே புகும். மோட்டார் வெறுமனே உறுமும், தொட்டி நிறையாது. மேலும், ஒழுகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. உச்சியில் கசிந்தது குழாயின் புறத்தே இறங்கி, சுவரோடு பிணைக்கும் கிளாம்பு வரை வந்து, அங்கிருந்து சொட்டும். சுந்தரர் 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த தலக்கதையை வருவோர்க்கெல்லாம் சொல்லும் ஊர்க்காரர், சொட்டுகிற கிளாம்பையே மூன்று முறை மாற்றினார் என்பது எண்ணத்தக்கது.

இடையில் கணக்கும் உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டு, நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாவதாக நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவைக்கிறார். மோட்டார் நாளுக்கு அரைமணி நேரமே ஓடுகிறது, அதற்கு ஒரு டம்ளர்கூடத் தேறாது, அதையும் கீழே நிற்கும் கறிவேப்பிலைச் செடி குடித்துவிடுகிறது என்பன கணக்கில் சேர்வதில்லை.

சிகிச்சை முறைகள் பல. சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவது பாரம்பரிய முறை. எம்-சீல் எனும் இருகூட்டுப் பசைமாவை ஈரக் குழாயின்மேல் அப்புவது நவீன முறை. இரண்டும் மறுநாள் காலைவரை தாங்கும். குழாய்களை ஒட்டும் சால்வென்ட் சிமென்ட், நன்கு துடைத்து உலர்ந்த பரப்பில் பூசி, சில மணி நேரம் நீர் விடாமல் காக்க வேண்டிய பொருள். சூளை முற்றும் ஆறுமுன் கதவைத் திறந்தால் சரக்கெல்லாம் வெடிக்கும் என்று பல தலைமுறைத் தொழிலாளரை அதட்டிய அதே மனிதர், ஒட்டிய பத்தாம் நிமிடம் மோட்டாரைப் போட்டுப் பார்க்கிறார்.

இறுதியில், கணவர் வெளியே போயிருக்கும் வேளையில் மனைவி பிளம்பருக்கு ஆள் அனுப்புகிறார். வருகிற இளைஞன் குழாயைத் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த செய்தித்தாள் துண்டைச் சுற்றி, மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு மாடியேறுகிறான். முதலில் நனைவது, தொட்டிக்குள் திரும்பும் இடத்தில் வெயிலில் கிடந்து மொறுமொறுத்துப்போன எல்போ, அதாவது குழாயின் முழங்கை வளைவு. அதை அறுத்தெடுத்து வேறு வைத்து, வெயில் தாக்காதிருக்க வண்ணம் பூசச் சொல்லிவிட்டு அவன் போகிறான். திரும்பி வந்த கசிவறிஞர், தாம் கீழே செய்த சிகிச்சையின் பயன் இப்போதுதான் தெரிகிறது என்கிறார்.

இத்தகையவரை அண்டைவீட்டாராகப் பெற்ற வாசகர்கள், உதவிக்கு வருவதாக அவர் சொன்ன உடனேயே மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும்; ஓடும் மோட்டாரை ஈரக்கையால் தொட்டு அதிர்வு பார்ப்பதும் அவருடைய சோதனைகளுள் ஒன்று.