தேக்கு தோற்ற கதை

டொரொண்டோவின் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் ஹாலில் முந்தைய சொந்தக்காரர் ஒரு கம்பளத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் அசல் நிறம் என்ன என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அதைப் பிய்த்துவிட்டு மரத்தரை போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தது, காரைக்குடியிலிருந்து வந்திருந்த அப்பா காதில் விழுந்துவிட்டது. அப்பா ஒரு மரவாடியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.

“மரத்தையா மிதிக்கப் போறீங்க?” என்றார்.

கேட்டதில் நியாயம் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் தூண், நிலை, கதவு என்று பர்மா தேக்குக்குக் குறைவே இல்லை. ஆனால் காலுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல்லோ பளிங்கோதான். நிலைவாசலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பழகியவரிடம் போய், ‘செருப்போடு நடந்தாலும் தாங்கும்’ என்று நான் சமாதானம் சொல்லியிருக்கக் கூடாதுதான்.

கடையில் நிலைமை இன்னும் மோசமானது. விற்பனையாளர் ‘ஜான்கா’ பட்டியல் என்று ஒன்றை நீட்டினார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்தில் பாதி புதையும்வரை அழுத்துவார்கள். அதற்கு எத்தனை பவுண்டு விசை தேவைப்பட்டதோ அதுவே அந்த மரத்தின் எண். காப்ரியேல் ஜான்கா என்ற ஆஸ்திரியர் 1906-இல் வகுத்த முறை இது. சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, மேப்பிள் 1450, ஹிக்கரி 1820.

“தேக்கு எத்தனைன்னு கேளு.”

விற்பனையாளரின் விரல் பட்டியலில் கீழே, கீழே, இன்னும் கீழே போயிற்று. ஆயிரத்துச் சொச்சம்.

“யாருடா அந்த ஜான்கா? மரவாடி வச்சிருந்தாரா? கரையான் அரிக்காது, மழைக்கு அசராது, கப்பலே கட்டினான். அதுக்கெல்லாம் மார்க் கிடையாதா?”

உண்மைதான். தேக்கின் பெருமை அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது, கடினத்தில் அல்ல. ஆனால் எங்கள் ஹாலுக்கு எதிரி கரையான் இல்லை. நாற்காலிக் கால், மகனின் பொம்மை லாரி, நான் அடிக்கடி நழுவவிடும் சப்பாத்திக் கட்டை ஆகியவைதான்.

அதோடு அப்பா விடவில்லை. “மரத்தை எவனாவது சதுர அடியில விப்பானா? கன அடில்ல கணக்கு!” வெட்டும்போது வீணாவதற்காகப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கச் சொன்னதும், “சேதாரம் சரி, செய்கூலி தனியா?” என்றார். தனிதான். கணுவும் நிற வேறுபாடும் நிறைந்த பலகைகளைக் காட்டி, இது ‘கேரக்டர்’ ரகம் என்றார் விற்பனையாளர். “நாங்க அதை விறகுன்னு சொல்வோம்” என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வெள்ளை ஓக்கில், கணு இல்லாததாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தோம்.

வந்த பெட்டிகளை உடனே பிரிக்கக் கூடாதாம். வீட்டின் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் மரம் சில நாள் பழக வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதுபோல் அவை ஹாலின் நடுவே வீற்றிருக்க, நாங்கள் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டோம். “பழகிடுச்சான்னு யாரு கேட்டுச் சொல்றது?” என்று அப்பா கவலைப்பட்டார். அதற்கும் ஒரு கருவி இருந்தது. ஆசாரி வந்து இரண்டு ஊசிகளைப் பலகையிலும் அடியில் இருந்த பிளைவுட்டிலும் குத்தி, இரண்டின் ஈரமும் ஏறக்குறைய ஒத்துப்போன பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

ஒரு பலகையின் நாக்கை அடுத்ததன் காடிக்குள் செருகி, காற்றழுத்தக் கருவியைச் சுத்தியலால் ஒரு போடு. ஆணி நாக்கின் வழியே சாய்வாக இறங்கி, அடுத்த பலகைக்கு அடியில் மறைந்துவிடும். அப்பா முதல்முறையாக வாயடைத்துப்போய்ப் பார்த்தார். சுவரோரம் வந்ததும் அந்த மௌனம் கலைந்தது.

“பலகை பத்தலைடா! அரை அங்குலத்துக்கு மேல விட்டுட்டான். சேதாரம் வாங்கினியே, எங்க போச்சு?”

கோடை ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். இடம் விடாவிட்டால் தரை நடுவே எழும்பிக்கொள்ளும். அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் பலகை மூடிவிடும் என்று விளக்கினேன். “இடம் குடுக்கணும், குடுத்ததும் தெரியக் கூடாது” என்று அவரே சுருக்கிச் சொல்லி ஒப்புக்கொண்டார்.

பிறகு பராமரிப்பு. வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாக ஊற்றி வீட்டைக் கழுவியவருக்கு, ஈரத்துணியைக்கூட ஒட்டப் பிழிந்துதான் துடைக்கலாம் என்பது தண்டனை. பனிக்காலம் வந்து ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் காற்று வறண்டு பலகைகளுக்கிடையே மெல்லிய கோடுகள் விழுந்தன. ஈரப்பதமூட்டி ஒன்றை வாங்கி வைத்தேன். அதற்குத் தண்ணீர் நிரப்பும் பொறுப்பு அப்பாவுக்கு. “தரையில ஒரு சொட்டு படக் கூடாது, காத்துக்கு மட்டும் குடம் குடமா ஊத்தணும். நல்ல ஊருடா” என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார்.

ஒரு நாள் மரவாடிக்கால நண்பரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஓக்குப்பா, வெள்ளை ஓக்கு. தேக்கெல்லாம் இது பக்கத்துல நிக்க முடியாது. ஆயிரத்து முந்நூத்து அறுபது மார்க்கு!”

எத்தனைக்கு என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆயிரத்து நானூத்துக்கு.”