இரட்டைக்கிளவியும் இற்றுப்போன புஷ்ஷும்

வேகத்தடையை நேராகக் கடக்காமல் கோணலாகக் கடக்கும் பழைய கார்கள்மேல் உள்ள எரிச்சல் இன்னும் தணியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரத்துக்கு இட்லி சாப்பிடப் போகிற கார்கள் இவை. இட்லி சிறுசேரியிலும் கிடைக்கும். ஆனால் ஓட்டுவதற்கு ஒரு சாலை வேண்டும், சாலைக்கு ஒரு முடிவு வேண்டும், முடிவில் வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். கார் பிறந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். இருபதாவது வருஷத்தில்தான் 'ஹேண்ட்லிங் சரியில்லையே' என்ற ஞானம் பிறக்கிறது. வளைவில் வண்டி அலைகிறது, பிரேக் போட்டால் மூக்கு தரையை முகர்கிறது, நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருக்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? வண்டியை இரண்டு அங்குலம் இறக்குகிறோம். இறக்கிய வண்டி சிப்காட் சாலையின் வேகத்தடைக்கு முன்னால் வந்து நிற்கிறது, யோசிக்கிறது, எருமை குளத்தில் கால் வைப்பதுபோல முதலில் ஒரு சக்கரம், பிறகு அடுத்த சக்கரம் என்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஏறி இறங்குகிறது. பின்னால் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. எந்த ஷாக் அப்சார்பர் வாங்குவது என்பதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒன்றிரண்டு விஷயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவும் துணிக்கூரையும் கொண்ட வண்டி அல்ல. அதை வாங்குகிறவர்கள் வேகத்தடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதற்கென்று ஆள் வைத்திருக்கிறார்கள். நம்முடையது நான்கு கதவு, பெரிய டிக்கி, குடும்பத்துக்கென்று வாங்கி வேறு காரணத்துக்காகக் காதலித்த வண்டி. 1999இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து வந்த ஐகான் 1.6, அதன் பின் வந்த ஃபியஸ்டா, திருவள்ளூர்ப் பக்கம் தயாரான மிட்சுபிஷி லான்சர் ஆகியவை இந்தக் குலத்தின் மூத்தோர். ஐகான் ஐரோப்பிய ஃபியஸ்டாவின் வழித்தோன்றல். அந்தக் காலத்து ஐரோப்பிய ஃபோர்டுகளை வளைவில் நிற்கவைத்தவர் என்று பெயர் வாங்கிய பொறியாளர் ரிச்சர்ட் பாரி ஜோன்ஸ். முதல் ஐம்பது மீட்டர் ஓட்டினாலே ஒரு காரின் குணம் தெரிந்துவிடும் என்பது அவருடைய புகழ்பெற்ற சோதனை. அவர் 2021இல் காலமானார். அதே ஆண்டு ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆக, நம் வண்டியைப் பெற்றவரும் இல்லை, வளர்த்தவரும் இல்லை. அந்த அநாதை வண்டிக்குத்தான், அதை இறக்குவதற்கென்று, நாம் சிவப்பு ஸ்பிரிங் வாங்கி மாட்டுகிறோம். என் கட்சி எளிமையானது: அந்த வண்டியில் ஹேண்ட்லிங் ஒரு காலத்தில் இருந்தது. வரைபடத்திலிருந்து அது ஓடிப்போகவில்லை. ரப்பரிலிருந்துதான் போயிருக்கிறது. போன இடத்தில் தேடாமல், வெளிச்சமாக இருக்கிற இடத்தில் தேடுகிறோம்.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளெல்லாம் வண்டியின் உடம்போடு ரப்பர் வழியாகத்தான் சேர்கின்றன. லோயர் ஆர்மில் புஷ், ஸ்டெபிலைசர் கம்பியில் புஷ், பின் ஆக்ஸில் பீமில் புஷ், ஸ்ட்ரட்டின் தலையில் மவுன்ட். எல்லாம் ரப்பர். ரப்பர் இற்றுப்போனால் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை ஸ்டியரிங் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிரேக்கும் பள்ளமும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லத் தொடங்குகின்றன. நீங்கள் வலப்பக்கம் திருப்புகிறீர்கள், புஷ் முதலில் நசுங்கி யோசிக்கிறது, பிறகுதான் சக்கரம் கேட்கிறது. இந்தத் தாமதத்தைத்தான் 'அலைகிறது' என்கிறோம். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: "நம்ம வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு." ரப்பருக்கு கிலோமீட்டர் மீட்டர் தெரியாது. வெயில், வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், வயது இவற்றால் அது நின்ற இடத்திலேயே விறைத்து வெடிக்கும். செங்கல்பட்டு மாவட்டத்து மே மாத வெயிலில் மொட்டை பார்க்கிங்கில் நிற்கும் கார் ஓடாமலே கிழடாகிறது. கோவளம், கேளம்பாக்கம் உப்பங்காற்று ஸ்பிரிங் உட்காரும் தட்டைத் தின்கிறது. ஷாக் அப்சார்பரும் இப்படித்தான். உள்ளே எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் பிதுங்கி, குலுக்கலைச் சூடாக மாற்றிக் கரைக்க வேண்டும். துவாரம் தேய்ந்தால் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க ஆள் இல்லை. பானட்டின் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் தேறிய ஷாக்கும் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தோற்கும். அமுக்கிப் பார்த்தவர் முகத்தில் தெரியும் டாக்டர் களையை மட்டும் நம்பக் கூடாது.

நோயைக் கண்டுபிடிக்க லேப்டாப் வேண்டாம், பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணம் போதும். இரட்டைக்கிளவி படித்தோமே, சலசல, மடமட, கலகல. ஜோடியாகவே வரும், பிரித்தால் பொருள் தராது. பழைய கார் முழுக்க முழுக்க இரட்டைக்கிளவியில் பேசும் பிராணி. சின்னச் சின்னக் குழிகளில் 'லொடலொட' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். மேட்டில் மெல்ல ஏறும்போது 'கிறீச்கிறீச்' என்றால் காய்ந்த புஷ். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது 'டக்டக்' என்றால் சிவி ஜாயின்ட். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'நறநற' என்றால் ஸ்ட்ரட் தலையிலுள்ள பேரிங்; எஸ்டிமேட் வந்த பிறகு கேட்கும் 'நறநற' வண்டியினுடையது அல்ல, உரிமையாளரின் பல். பெரும் பள்ளத்தில் 'தடால்' என்று ஒற்றையாக வந்தால் அது இரட்டைக்கிளவி இல்லை. ஷாக் அடிவரை போய் முட்டிவிட்டது, சஸ்பென்ஷன் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டது. இலக்கணம் இத்தோடு நிற்கவில்லை, வைத்தியமும் சொல்கிறது. இரட்டைக்கிளவியைப் பிரிக்கக் கூடாது. ஷாக் அப்சார்பரையும் பிரிக்கக் கூடாது. இடது ஷாக் ஒழுகினால் இடது மட்டும் மாற்றுவது 'சலசல'வில் ஒரு 'சல'வை மட்டும் வாங்குவது. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் கிழடு என்றால் வண்டி இடம் வலம் வேறுவேறு மொழி பேசும். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சிவப்பு ஸ்பிரிங் போடுகிறவர்தான் ஷாக் விஷயத்தில் மட்டும், "ஒண்ணு போதும்பா, அது நல்லாத்தானே இருக்கு" என்று திடீர்ச் சிக்கனம் காட்டுகிறார்.

இரட்டைக்கிளவிக்குப் பக்கத்திலேயே அடுக்குத்தொடர் இருக்கிறது. அச்சம், விரைவு, வெகுளி இவற்றில் ஒரு சொல் இரண்டு முதல் நான்கு முறை அடுக்கி வரும். பிரித்தாலும் பொருள் தரும். முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் "பிரேக்கர், பிரேக்கர், பிரேக்கர்!" என்று கத்துவது அடுக்குத்தொடர். அதற்கு வண்டி 'லொடலொட' என்று சொல்லும் பதில் இரட்டைக்கிளவி. ஓஎம்ஆரில் மாதவரம் - சிப்காட் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையே ஓர் அடுக்குத்தொடர்தான்: பள்ளம், பள்ளம், பள்ளம், பள்ளம். நாலுக்கு மேல் அடுக்க இலக்கணம் இடம் தராது. ஒப்பந்ததாரர் இலக்கணம் படித்தவரில்லை. பழைய கார் விற்பனை விளம்பரத்தில் மீதி இலக்கணம் முழுவதும் கிடைக்கும். 'ஷோரூம் கண்டிஷன்' என்பது இல்பொருள் உவமை. 'சின்னச் சின்ன வேலை இருக்கும் சார்' என்பது இடக்கரடக்கல். 'மைலேஜ் பதினெட்டு' உயர்வு நவிற்சி. 'ஒரே ஓனர், டாக்டர் வண்டி' என்பது தற்குறிப்பேற்றம். டாக்டர் ஓட்டினால் வண்டிக்கு நோய் வராது என்று கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். ஒரே பில் ஒவ்வொரு மாதமும் புதுப் பொருளில் திரும்ப வருவது மடக்கணி. தன்மை நவிற்சி, அதாவது உள்ளதை உள்ளபடி சொல்வது, இந்தச் சந்தையில் இன்னும் அறிமுகமாகவில்லை. எங்கே விட்டேன்? புஷ்.

இல்லை, இறக்கிய வண்டி. இறக்கினால் ஈர்ப்பு மையம் தாழும், வளைவில் சாயாது என்பது எதிர்க்கட்சியின் பெரிய வாதம். பாதி உண்மை. மாருதியோ ஃபோர்டோ, முன்பக்கம் மக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில், லோயர் ஆர்ம் ஏறக்குறையக் கிடையாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். உடம்பை இறக்கினால் ஆர்மின் வெளி முனை மேல் நோக்கிச் சாய்கிறது. உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள நெம்புகோல் நீள்கிறது. ஆகவே இறக்கிய வண்டி, ஸ்பிரிங் போதிய அளவு கடினமாக இல்லாவிட்டால், முன்பைவிட அதிகமாகச் சாய ஆசைப்படுகிறது. அதைத் தடுக்க இன்னும் கடின ஸ்பிரிங். அதைத் தாங்க இன்னும் கடின ஷாக். அத்தனை அடியும் போய் விழுவது யார் தலையில்? மாற்றாமல் விட்ட இருபது வருஷத்துப் புஷ் தலையில். சஸ்பென்ஷனின் பயணத் தூரமும் குறைந்துவிட்டதால் சக்கரம் பள்ளத்தில் தரையை விட்டு எழும்புகிறது. எழும்பிய டயருக்குப் பிடிப்பு சுழி. இனி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி வட்ட வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கலாம். 3.7 மீட்டர் அகல வேகத்தடை எப்படி இருக்கும் என்று கற்பனைதான் செய்ய வேண்டும். நம் தெருக்களில் உள்ளவை ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டி எழுப்பிய சமாதிகள். இந்தச் சாலைக்கு, தொழிற்சாலை கொடுத்த உயரமும் நீண்ட பயணமும் உள்ள சஸ்பென்ஷன்தான் வேகமான சஸ்பென்ஷன். பக்கத்தில் போகிற வாடகை டாக்சி உங்களை வேகத்தடையில் முந்துவதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்காததுபோல் நடித்திருப்பீர்கள்.

வரைபடமே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கான சாட்சி கேளம்பாக்கத்திலிருந்து மேற்கே திரும்பி நேராகப் போனால் வரும் வண்டலூர்ப் பக்கமே இருக்கிறது. அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்தது. பிரிட்டனில் 1959இல் வந்த டிரயம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. மிக்கலோட்டி வரைந்த அழகான உடம்பு, லண்டன் டாக்சிபோலச் சின்ன வட்டத்தில் திரும்பும் முன்சக்கரம். அதன் சேஸிலிருந்து பிறந்ததுதான் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டின் முன்பக்க உறுப்புகளை லோட்டஸ்கூட எடுத்துப் பயன்படுத்தியது. பின்பக்கம்தான் சனி: குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை, இரண்டு பக்கமும் ஊஞ்சலாடும் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்ப் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச்சக்கரம் மடங்கி உள்ளே போகும், பிடிப்பு போய்விடும். இதே ஊஞ்சல் ஆக்ஸில் அமெரிக்காவில் செவ்ரலே கார்வெயரில் இருந்ததற்காகத்தான் 1965இல் ரால்ஃப் நேடர் புத்தகம் எழுதி நிறுவனத்தைச் சந்திக்கு இழுத்தார். ஆங்கிலேயர்கள் 1970இல் ஸ்பிட்ஃபயரின் ஸ்பிரிங்கைத் திருத்தினார்கள். நம்மவர்கள் 1972இல் கெஸல் என்று ஒரு வண்டி விட்டு, ஊஞ்சலையே கழற்றிவிட்டு, லாரிபோல ஒரே உருட்டு ஆக்ஸிலைப் போட்டார்கள். அழகு போயிற்று, ஆனால் நம் மெக்கானிக்குகளுக்குப் புரிகிற வண்டியாயிற்று. அதை நான் மேம்பாடு என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே குற்றம் வடிவமைப்பில் இருந்தது. அதே ஹெரால்டில் முன்சக்கரத்தின் கீழ் ட்ரனியனுக்கு அவ்வப்போது கியர் எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் தேய்ந்து முறிந்து சக்கரம் தனியாகப் புறப்படும். அதற்கு வடிவமைத்தவரைத் திட்டிப் பயனில்லை. ஊஞ்சல் ஆக்ஸிலைக் குறைசொல்லும் உரிமை, எண்ணெய் விட்டவனுக்குத்தான் உண்டு.

ரப்பர் எதற்கு, பாலியூரிதேன் புஷ் போட்டால் ஆயுசுக்கும் போதுமே என்பார்கள். பந்தயத்துக்கு, இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு, சரி. சாலையில், புஷ் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொள்ளவும் நசுங்கவும் சாயவும் வேண்டிய இடங்களில் அந்தக் கட்டிச் சரக்கு வளையாமல் அடியை அப்படியே உடம்புத் தகட்டுக்கு அனுப்பும். உப்பங்காற்றில் ஏற்கெனவே அரித்த தகட்டுக்கு. போதாக்குறைக்கு கிரீஸ் காய்ந்ததும் 'கிறீச்கிறீச்' வேறு. பழைய இலக்கணம் மறுபடியும். "என் காசு, என் வண்டி, என் ஆசை, உனக்கென்ன?" என்ற கடைசி மறுப்புக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வாங்கிய பாகத்தின் விலையை வீட்டில் பாதியாகச் சொல்கிற அதே கூட்டத்தில்தான் நானும் இருக்கிறேன். புஷ் மாற்றினேன் என்று சொன்னால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், சிவப்பு ஸ்பிரிங்கைக் குனிந்து பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் கேட்டு வாங்க வேண்டியது முதலில் புஷ், பிறகு லிங்க், மவுன்ட், பால் ஜாயின்ட். பிறகு ஜோடி ஷாக், பிறகு நல்ல டயர், பிறகு அலைன்மென்ட். இந்த வரிசை முடிந்த பின்னும் வண்டி அலைந்தால், எந்த ஷாக் நல்லது என்று வந்து கேளுங்கள். பெரும்பாலும் கேட்க வேண்டியிராது. அதுவரை, சிப்காட் சாலை வேகத்தடையைக் கோணலாகக் கடப்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரம் கடக்கவும். கம்பெனி பஸ் இன்னும் பின்னால்தான் நிற்கிறது.