வெள்ளைக்குள் காணாமல் போன பையன்

வெள்ளைப் பின்னணி, வெள்ளைச் சட்டை, நடுவில் கண்கள் மட்டும் கறுகறுவென்று மின்னும் குழந்தை. இந்த மாதிரி ஹை-கீ கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து, ‘இதிலென்ன பிரமாதம், பிரைட்னஸைக் கொஞ்சம் ஏத்தினா ஆச்சு’ என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா? வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நான் நினைத்ததோடு நிற்காமல், அப்படியொரு படம் எடுத்துத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டவன்.

நாங்கள் இருப்பது கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கிற தைரியத்தில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பேட்டை. கீழ்வீட்டு மாஷிமாவின் பேரனுக்கு ‘முகே பாத்’. நம்மூர் அன்னப்பிராசனம்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பாயசம் ஊட்டுவார். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்து, படம் எடுக்கத் தெரிந்தவன் என்று மாஷிமா நம்பிவிட்டார். அது தள்ளுபடியில் வந்தது என்பதை நானும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பையன் போட்டிருந்த அலங்காரத்தைக் கேளுங்கள். வெள்ளை வேட்டி, தலையில் நெட்டியில் செய்த வெள்ளைத் ‘தோபோர்’ கிரீடம், நெற்றியிலும் கன்னத்திலும் சந்தனப் புள்ளிகள். போதாததற்கு ஜன்னலோரம் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டி அதன் முன்னால் அவனை உட்கார வைத்தேன். பெட்ஷீட்டில் வெளிர்நீலப் பூக்கள். பிறகு போட்டோஷாப்பில் பிளாக் அண்ட் ஒயிட் லேயரைப் போட்டு, ‘ப்ளூஸ்’ ஸ்லைடரை மேலே தள்ளினேன். பூக்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தன. அன்று உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். அதுவே தலைக்கேறிவிட்டது.

பையன் நல்ல மாநிறம். நம் தோலின் நிறம் பெரும்பாலும் ‘ரெட்ஸ்’, ‘யெல்லோஸ்’ என்ற இரண்டு ஸ்லைடர்களின் கையில் இருக்கிறது. ஏற்றினேன், முகம் வெளுத்தது. இன்னும் ஏற்றினேன். முதலில் சந்தனப் புள்ளிகள் போயின. அப்புறம் மூக்கு நுனி. அப்புறம் கன்னம் எங்கே முடிகிறது, பெட்ஷீட் எங்கே தொடங்குகிறது என்கிற எல்லை. தோபோர் எப்போது போனதென்றே கவனிக்கவில்லை. சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் டிவியைத் திட்டுகிற ஆள் நான். மவுஸ் கைக்கு வந்ததும் தெரிந்தது, திட்டியதெல்லாம் டிவியோடு சரி.

மாஷிமா வந்து ஸ்கிரீனை உற்றுப் பார்த்தார். இரண்டு கண், இரண்டு மூக்குத் துவாரம், நெற்றியோரம் ஒரு கறுப்புப் புள்ளி. ஐந்தும் வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தன. “பாச்சா கோதாய்?” என்றார். குழந்தை எங்கே என்று கேட்கிறார்.

ஹிஸ்டோகிராம் என்று ஒரு மலைப்படம் இருக்கிறதல்லவா, அது வலதுபக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே வெளிச்சத்தின் உச்சமான 255-ஐத் தொட்ட பிக்ஸலில் விவரம் எதுவும் மிஞ்சாது. பிரிண்ட் போட்டால் அந்த இடத்தில் மையே விழாது, வெறும் காகிதம். லெவல்ஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வெள்ளை முக்கோணத்தை இழுத்தால் எந்தெந்த இடம் பறிபோனது என்று காட்டும். மிச்சம் எது என்று காட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஹை-கீ என்பது முதலில் வெளிச்சத்தில் செய்கிற வேலையாம். பின்னணிக்கு முகத்தைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். முகத்துக்கு அளவான வெளிச்சம். பின்னணி வெளுக்கும், முகத்தில் சாம்பல் நிறம் தங்கும். எனக்கு யார் சொன்னார்கள் என்று புலம்பவும் வழியில்லை, இருப்பது கொல்கத்தா. 1956-ல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். வானத்திலிருந்து இறங்கும் மெத்தென்ற வெளிச்சம் வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பிவிட்டார். முந்தைய படமான ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கும்வரை சினிமா கேமராவையே இயக்கிப் பழகாதவர் அவர். வெள்ளைத் துணி அவரிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது. என்னுடையதில் பூப்போட்டிருந்தது.

இன்னும் பின்னால் போனால் மானம் இன்னும் போகிறது. சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர், சாம்பலின் ஏற்ற இறக்கங்களை அச்சில் கொண்டுவரும் ஹாஃப்டோன் முறையை இதே ஊரில் ஆராய்ந்து, லண்டனிலிருந்து வெளிவந்த பென்ரோஸ் ஆண்டுமலரில் கட்டுரைகள் எழுதியவர். 1913-ல் குழந்தைகளுக்கென்றே ‘சந்தேஷ்’ பத்திரிகையும் தொடங்கினார். அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய சாம்பலை நான் மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் காலி பண்ணிவிட்டேன்.

ஸ்லைடர்களை இறக்கினேன். பையன் திரும்பி வந்தான், சந்தனத்தோடு. அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். ஹீலிங் பிரஷ்ஷை எடுத்தேன். வாயோர எச்சில், தாடையில் ஒட்டிய பாயசப் பருக்கை, நெற்றியோரக் கறுப்புப் புள்ளி என்று எல்லாவற்றையும் துடைத்து, லேயர்களை ஃப்ளாட்டன் செய்து, கன்ட்ரோல் எஸ்ஸையும் அழுத்தி, ஒரிஜினல் ஜேபெக்கின் மேலேயே சேவ் செய்து, ஃபைலை மூடியும் ஆயிற்று.

மாஷிமா இந்தத் தடவை குழந்தையைக் கண்டுபிடித்துவிட்டார். சிரித்தார். பிறகு விரலால் ஸ்கிரீனில் நெற்றியைத் தொட்டு, “டிப் கோதாய்?” நான் துடைத்தது திருஷ்டிப் பொட்டு. ஊரில் எங்கள் பாட்டி எனக்கு வைத்ததும் அதேதான், அதே மையில்தான். அன்று சாயங்காலம் பையன் தும்மினான். ஜனவரி மாதம், கொல்கத்தாவே தும்மிக்கொண்டிருந்தது. ஆனாலும் கீழ்வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

விளிம்பு மென்மையான பிரஷ்ஷாக எடுத்து, இடப்பக்கம் ஒரு பொட்டு வரைந்து, மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மைச்சிமிழை எடுத்து வந்து, மோதிர விரலால் பிரிண்டின் மேலேயே அழுத்தி ஒன்று வைத்தார். வலப்பக்கத்தில். நிஜப் பொட்டு அங்கேதான் இருந்ததாம். அன்றைக்கு எடுத்த மற்ற படங்களில் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், இரண்டு பொட்டோடு. வருகிறவர்களிடம், “இது பேரன், அது மாடிவீட்டு மதராஸி வைத்தது” என்று தனித்தனியாக அறிமுகம் நடக்கிறது.