துணைவேந்தர் இல்லாமல் பல்கலைக்கழகம் நடத்துவது எப்படி?

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொறுப்பு திடீரென்று தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோட்டையிலிருந்து ஒருங்கிணைப்புக் குழுவுக்கு அனுப்பப்பட்டவர், பதிவாளர் அறையில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று உட்கார்ந்திருப்பவர், சிண்டிகேட் கூட்டத்துக்கு முந்திரி பக்கோடாவை நம்பி வருபவர், எல்லாருக்கும் இது பொருந்தும். பயப்பட வேண்டாம். பல்கலைக்கழகம் தானாகவே ஓடும். யாரும் ஓட்டவில்லை என்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை, நாற்காலியைக் காலியாக வைத்திருப்பது. அதில் ஆள் உட்கார்ந்துவிட்டால் அவரிடம் போய்க் கேள்வி கேட்பார்கள். 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகமே இதற்கு நல்ல பாடம். 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைப் பிடிக்கத் தேடல் குழு வேண்டும். வேந்தரான ஆளுநர், யுஜிசி பிரதிநிதியையும் சேர்த்து நான்கு பேர் கொண்ட குழுவை அறிவித்தார். யுஜிசி ஆளுக்குப் பல்கலைக்கழகச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லி, அவரை விட்டுவிட்டு மாநில அரசு இன்னொரு குழுவை அறிவித்தது. குழு இரண்டாயிற்று, துணைவேந்தர் பூஜ்யமானார். 2024இல் வழங்கிய பட்டச் சான்றிதழ்களில் துணைவேந்தர் கையெழுத்து போடும் இடத்தில் உயர்கல்வித் துறைச் செயலாளர் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் பதவி காலியானது. கிண்டியில் நாற்காலி காலியென்றால் அதன் வளாகமான குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கும் அதே கதிதான்.

(இந்த இடத்தில் ரயில்வேயைப் பற்றி ஒரு வார்த்தை. துணைவேந்தர் போன அதே 2023 ஆகஸ்டில்தான் நான்காவது பாதை போடுவதற்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். தாம்பரத்துப் பிள்ளைகள் மார்க் ஷீட்டுக்காகப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கம் போக, பஸ்ஸில் வேளச்சேரி வந்து ரயிலேற வேண்டியிருந்தது. ஏழு மாதம் என்று சொன்ன வேலை பதினான்கு மாதம் இழுத்தது. ஆனாலும் 2024 அக்டோபரில் ரயில் திரும்பி வந்துவிட்டது. ரயில்வேக்காரர்களுக்கு நம் வித்தை முழுசாகக் கைவரவில்லை.)

வழக்கு வந்தால் கலங்காதீர்கள். வழக்கைப் போல நமக்கு அனுகூலம் எதுவும் கிடையாது. 2025 ஏப்ரல் 8 அன்று, துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை உட்பட ஆளுநரிடம் தேங்கிய பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. துணைவேந்தரை இனி அரசே நியமிக்கலாம் என்று எல்லாரும் தயாரான நேரத்தில், மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்ற மூன்று சொற்களைத் தட்டச்சு செய்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு ஏன் கதவில்லை என்று விடுதி மாணவர்கள் கேட்டாலும் இதையே காட்டலாம்.

பண விஷயத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை சுமார் 424 கோடி ரூபாய் கேட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. காரணத்தைக் கவனியுங்கள், ரசிக்கத்தக்கது. பல்கலைக்கழகத்தின் வருமானத்தில் அரசு தரும் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆகவே அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனம் என்ற வரிவிலக்கு இதற்குக் கிடையாது. ஆகவே வரி கட்டு. அதாவது, பணத்தைக் குறைத்தவருக்கு நோட்டீஸ் இல்லை, பணம் கிடைக்காதவருக்கு நோட்டீஸ். கேட்ட வரியோ பழைய ஆண்டுகளுக்கு. அப்போது கோப்பில் கையெழுத்திட்டவர்கள் போய்விட்டார்கள், நோட்டீஸ் வந்தபோது கையெழுத்திடத் துணைவேந்தரே இல்லை. நடுவில் மாட்டியவர்கள் சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டு வாசலில் நின்றவர்கள்தான். இப்படி ஒரு நிலைமையைத் திட்டமிட்டு யாராலும் உருவாக்க முடியாது. பல ஆண்டுகள் யாருமே எதையும் கவனிக்காமல் இருந்தால்தான் வாய்க்கும்.

கல்லூரிகளை ஆய்வு செய்வது எப்படி? போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் எண்ணக் கூடாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலையில் இருப்பதாகப் பட்டியலோடு வெளியிட்டது. அதில் ஒருவர் பதினொரு கல்லூரிகளில் இருந்தார். ஜிஎஸ்டி சாலையில் மாலை ஆறு மணிக்குப் பெருங்களத்தூரைத் தாண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வரும். நமக்கெல்லாம் வண்டலூரிலிருந்து தாம்பரம் வருவதற்குள்ளேயே ஒரு வேலைநாள் முடிந்துவிடுகிறது. பிறகு பல்கலைக்கழகமும் தேடிப் பார்த்து, சுமார் 2,000 இடங்களை 189 பேர் நிரப்பியிருந்ததாகச் சொன்னது. உங்களுக்கான பாடம் இது: அங்கீகாரம் கொடுக்கும்போது நீங்கள் ‘ஆய்வுக் குழு’. விஷயம் வெடித்தால் நீங்கள் ‘ஏமாற்றப்பட்ட நிறுவனம்’. இரண்டு சட்டையையும் அலமாரியில் தயாராகத் தொங்கவிடுங்கள்.

தேர்வுத் துறையில் கொஞ்சம் கவனம் வேண்டும், அங்கே எண்கள் பேசிவிடும். 2017 ஏப்ரல்–மே தேர்வுக்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீடு கேட்டவர்கள் 3,02,380 பேர். அதில் 73,733 பேர் தேறினார்கள். அடுத்த ஆண்டு லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. முன்பு திருத்தியவர்கள் தவறா, பின்பு திருத்தியவர்கள் தவறா என்று யாராவது கேட்டால் குழு போடுங்கள். குழுவின் அறிக்கை வந்ததும் அதை ஆராய இன்னொரு குழு.

குழு போடுவதிலும் நேரம் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் முந்தைய துணைவேந்தர் ஒருவர் மீதான புகார்களை விசாரிக்க 2020 நவம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைந்தது. கொடுத்த அவகாசம் மூன்று மாதம். அது நீண்டது. 2021 ஏப்ரலில் அவர் பதவிக்காலம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்த பிறகே அறிக்கை வந்தது. சேலத்தில் இதையும் மிஞ்சினார்கள். தனியார் நிறுவனம் தொடங்கிய புகாரில் 2023 டிசம்பரில் கைதாகி ஜாமீனில் வந்த துணைவேந்தருக்கு, அடுத்த ஆண்டே பதவி நீட்டிப்பு கிடைத்தது.

கடைசியாக, கவுன்டருக்கு வருபவர்களை எதிர்கொள்வது. முடிச்சூரிலிருந்து ஒரு பையன் வெளிநாட்டுப் படிப்புக்கு டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு வந்திருக்கிறான் என்று வையுங்கள்.

“சார், மூணு மாசமாச்சு சார். யாரைப் பார்க்கணும்?”

“செக்‌ஷன்ல கேட்டியா தம்பி?”

“அவங்கதான் சார் இங்க அனுப்பினாங்க.”

“சரி, அப்ப அங்கயே போய் நான் சொன்னேன்னு சொல்லு.”

‘நான்’ யார் என்று எந்தக் காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அவன் விடாக்கண்டனாக இருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் முப்பது நாள் இருக்கிறது. இருபத்தொன்பதாம் நாள் ‘கோரிய தகவல் தெளிவாக இல்லை’ என்று பதில் அனுப்புங்கள். முதல் மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி நம் அலுவலகத்திலேயே, அநேகமாக எதிர் அறையிலேயே இருப்பார். அவரும் கூடுதல் பொறுப்பில்தான் இருப்பார்.