சாகாதவர்களுக்கு இரங்கல் செய்தி

1995 ஆகஸ்ட் 24 அன்று லண்டனில் ‘தி டைம்ஸ்’ வாங்கப் போனவர்களிடம் கடைக்காரர் காசு கேட்கவில்லை. அன்றைய பிரதிகள் மொத்தத்துக்கும் மைக்ரோசாஃப்ட் பணம் கட்டிவிட்டது. உள்ளே விண்டோஸ் 95 இணைப்பு. நெப்போலியனின் தோல்வியைக்கூட காசு வாங்கிக்கொண்டு விற்ற பத்திரிகை அது! அதே சமயம் அமெரிக்காவில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு விண்டோஸ் வண்ணத்தில் விளக்கு, மைக்ரோசாஃப்டின் ரெட்மண்ட் தலைமையக விழா மேடையில் டிவி நகைச்சுவையாளர் ஜே லெனோ. நள்ளிரவில் கடை வாசலில் கூட்டம். கூட்டத்தைப் படம் பிடிக்க இன்னொரு கூட்டம்.

இந்தக் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நின்ற முறைமாப்பிள்ளை, ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளம். 1987-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து பெற்ற பிள்ளை. அப்போது அதை வானளாவப் புகழ்ந்தவர் வேறு யாருமில்லை, பில் கேட்ஸ்தான். பிறகு பிரிவினை, பிள்ளை ஐபிஎம் வீட்டில் வளர்ந்தது. பல வேலைகளைப் படுக்காமல் ஒரே நேரத்தில் பார்க்கும் கெட்டிக்காரப் பிள்ளை என்று கம்ப்யூட்டர் பத்திரிகைகளும் மெச்சின. மெச்சிவிட்டு, அடுத்த பக்கத்தில் விண்டோஸ் விளம்பரத்தைப் போட்டன.

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வானேன்? ஐபிஎம்முக்கு விளம்பரம் வராது. செக் நாட்டுக் கன்னியாஸ்திரீகள் ஓஎஸ்/2 பற்றிக் கிசுகிசுப்பதாக டிவியில் ஒரு விளம்பரம் போட்டார்கள். கல்லூரிக் கால்பந்துப் போட்டி ஒன்றுக்கு ஓஎஸ்/2 பெயரையே சூட்டினார்கள். ‘விண்டோஸைவிட விண்டோஸை நன்றாக ஓட்டும்’ என்று பெருமையும் அடித்துக்கொண்டார்கள். மென்பொருள் எழுதுகிறவர் என்ன செய்வார்? ஒன்றுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடுமே என்று விண்டோஸுக்கு எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். உச்சம் எது தெரியுமா? விண்டோஸ் 95 விழா தொடங்கச் சில நிமிடம் முன்பு, அதைத் தன் கம்ப்யூட்டர்களில் ஏற்றி விற்க ஐபிஎம்மே கையெழுத்துப் போட்டது.

அடுத்த சாவு வீடு ஆப்பிள். 1996-இல் ‘பிசினஸ்வீக்’ அட்டையிலேயே அதன் வீழ்ச்சியை அறிவித்தது. 1997 ஜூனில் ‘வயர்ட்’ ஆப்பிள் சின்னத்துக்கு முள்முடி சூட்டி, ‘ஜெபியுங்கள்’ என்றது. உள்ளே பிழைக்க 101 யோசனைகள். முதல் யோசனையே, கம்ப்யூட்டர் செய்யும் தொழிலை விட்டுவிடு என்பதுதான். நல்லவேளை, ஸ்டீவ் ஜாப்ஸ் அதைப் படித்துக் கெட்டுப்போகவில்லை. இரண்டே மாதத்தில் கேட்ஸிடமிருந்து 15 கோடி டாலர் வாங்கி வந்தார். 2018-இல் ஆப்பிளின் மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட்டது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கதை தலைகீழ். அதற்கு இரங்கல் இல்லை, வருடா வருடம் பட்டாபிஷேகம். 1998-இல் ‘ஃபோர்ப்ஸ்’ அட்டையில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். 1999 டிசம்பரில் விஏ லினக்ஸ் என்ற கம்பெனியின் பங்கு 30 டாலர் விலையில் வெளியாகி, அன்று மாலை 239 டாலருக்கு மேல் முடிந்தது. அடுத்த ஆண்டு லினக்ஸ் எல்லா மேசைக்கும் வந்துவிடும் என்று எழுதினார்கள். அதற்கடுத்த ஆண்டும் அதையேதான் எழுதினார்கள். மேசைக்கு அது இன்னும் வந்தபாடில்லை. ஆனால் நீங்கள் இதை ஆண்ட்ராய்டு ஃபோனில் படிக்கிறீர்கள் என்றால், அடியில் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ்தான்.