சார்ஜ் ஏறுது, எடுக்கல: தியாகதுருகம் வட்டார ஒயர்ப் புணர்ச்சி விதிகள்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்ற பழைய கட்டுப்பாட்டை மதித்து, சிறப்புப்பாயிர உறுப்புகள் எட்டையும் முதலில் முடித்துவிடுவோம். ஆக்கியோன் பெயரால் யாருக்கும் பயனில்லை. வழி, வாய்வழி. எல்லை, கிழக்கே உளுந்தூர்பேட்டை, மேற்கே கல்வராயன் மலை. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, பெரும்பாலும் சி டைப். பழைய போனுக்குச் சின்ன பின். நுதலிய பொருள், போனை ஒயரால் கணினியோடு மாட்டியபின் ஒன்றும் நடவாமை. கேட்போர், விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள் என்பதை இன்று மாலை அறிந்தோர். பயன், ஒரு பிடிஎஃப்.

களம்

தியாகதுருகம் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஒரு மலை, மலைமேல் கோட்டை, அடியில் ஊர், ஊருக்குள் ‘ஜெராக்ஸ், ஆன்லைன், லேமினேஷன்’ என்று ஒரே மூச்சில் எழுதிய பலகைகள். அந்தக் கடைகளே நம் ஆய்வுக்கூடங்கள். புள்ளிவிவரம் எதுவும் தொகுக்கப்படவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் தன் முறைக்குக் காத்திருப்பவர் காதில் எது விழுகிறதோ அதுவே தரவு.

ஒயர் எதற்கு, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் தீர்ந்ததே என்று ஓர் ஆட்சேபம் எழும். எழுப்புகிறவர் சென்னைவாசியாக இருப்பார். வாட்ஸ்அப் பெரும்பாலும் படத்தை நசுக்கித்தான் அனுப்பும். தங்கை கல்யாண வீடியோவை ஏற்ற உட்கார்ந்தால் அன்றைய டேட்டா தாலி கட்டும் முன்பே தீர்ந்துவிடும். மலைமேல் பல ஊர்களில் சிக்னல் என்பது ஒரு குறிப்பிட்ட பாறை. அதன்மேல் ஏறி நின்றால் உண்டு, இறங்கினால் இல்லை. ஒயரே இல்லாமல் இந்தக் காரியத்தை நடத்திக்கொண்டிருந்த ஷேரிட்டும் ஸெண்டரும் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளோடு போய்ச் சேர்ந்தன. ஆகவே ஒயர் மீண்டும் அரியணை ஏறியது.

மூன்று பள்ளிகள்

இப்பொருள் பற்றி வழக்கிலிருக்கும் கொள்கைகள் மூன்று. ஊதுவார், ஆட்டுவார், அணைப்பார்.

ஊதுவார் தொன்மையானவர்கள். டேப் ரெக்கார்டர் காலத்திலேயே இவர்கள் இருந்தார்கள். போன் ஓட்டையில் ஓர் ஊது, ஒயர் முனையில் ஓர் ஊது. தூசி போகாது, ஈரம் போய்ச் சேரும். இதற்குமேல் இவர்களைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

ஆட்டுவாரை அப்படித் தள்ள முடியாது. ஒயரை இடப்பக்கம் வளைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் கணினி ‘டிங்’ என்கிறது, விட்டால் ‘டுங்’ என்கிறது என்று கண்டறிந்தவர்கள் இவர்களே. சரியான சான்றைப் பிடித்துத் தவறான முடிவுக்குப் போனவர்கள் என்று வரலாறு இவர்களைச் சொல்லும். ஆட்டினால் இணைகிறது என்பது வைத்தியம் இல்லை, நோய்க்குறி: உள்ளே எங்கோ தளர்ந்திருக்கிறது, அல்லது ஏதோ அடைத்திருக்கிறது.

அணைப்பார், ‘ரெண்டையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்போர். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள், ஆனால் பாதிநேரம் அவர்களே வெல்கிறார்கள். பாதியில் சிக்கி நின்ற உரையாடலை அழித்துவிட்டு இரு தரப்பும் முதலிலிருந்து பேசத் தொடங்குவதே ரீஸ்டார்ட்டின் சூட்சுமம்.

‘சார்ஜ் ஏறுதே’ என்னும் வாதம்

“ண்ணே, சார்ஜ் ஏறுதுண்ணே. ஒயரு நல்லாத்தான் இருக்குது. ஒங்க சிஸ்டந்தான் எடுக்க மாட்டேங்குது.”

இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் வாதம் இதுதான். மூன்று பள்ளியினரும் பேதமின்றி ஒப்புக்கொள்வது. நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் மறுத்தலும் ஒன்று. அதை இங்கே கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

ஒயரின் தோலைச் சீவிப் பார்த்தால் உள்ளே நான்கு நரம்பு. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும் பேச்சுக்கு. 1996-ல் யூஎஸ்பியின் முதல் வரையறை வந்தபோது அமைந்த ஏற்பாடு இது. 2000-ல் வந்த 2.0-வும் இதே வெள்ளை பச்சையில்தான் நொடிக்கு 480 மெகாபிட் வரை ஓட்டுகிறது. டிரிம்மர், கையடக்க ஃபேன், சின்ன ஸ்பீக்கர் இவற்றோடு டப்பாவில் வரும் ஒல்லி ஒயர்கள் பலவற்றில் வெள்ளையும் பச்சையும் கிடையாது. செம்பு மிச்சம். அந்த ஒயரில் சார்ஜ் யுகாந்தம் வரை ஏறும். ஒரு போட்டோ இறங்காது. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இன்னொரு போனில் மாட்டிப் பார்ப்பதே உரைகல்.

சரி, ஒயரில் நான்கு நரம்பும் உண்டு என்று கொள்வோம். அப்போதும் வாதம் நிற்காது. கணினியில் செருகும் பெரிய முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நான்கு தகடு, ஓரத்து இரண்டும் நீளம், நடு இரண்டும் குட்டை. தயாரித்தவன் சோம்பேறித்தனம் இல்லை, விதியே அப்படி: மின்சாரம் முதலில் தொட வேண்டும், பேச்சு அதற்குப் பிறகு. ஆகவே முழுசாக ஏறாமல் முக்கால் தூரம் போய் நிற்கும் முனை சார்ஜ் ஏற்றும், வாய் திறக்காது. சி டைப்பிலும் கதை ஏறக்குறைய இதேதான். அதன் 24 ஊசிகளில் மின்சாரத்துக்கு நான்கு இடம், அது திரும்பி வர நான்கு இடம். போட்டோ போகிற பாதை நட்ட நடுவில். எங்காவது ஒரு பக்கம் தொட்டாலும் மின்சாரம் தப்பித்துப் போய்விடும். சார்ஜ் ஏறுவது எதற்குச் சான்று என்றால், சார்ஜ் ஏறுவதற்குச் சான்று. அவ்வளவே.

முனை ஏன் முழுசாக ஏறுவதில்லை? இங்கே ஆய்வு தொல்லியலுக்குள் நுழைகிறது. போன் ஓட்டையின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்திருப்பவை: சட்டைப்பைப் பஞ்சு, பஸ் டிக்கெட்டின் தூள், கரும்புக்காட்டுப் புழுதி. ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் முனை அதைத் திமிசு போட்டு இறுக்குகிறது. அகழ்வு முறை: போனை அணைக்கவும், டார்ச் அடிக்கவும், தென்னை ஈர்க்கை மெல்லச் சீவி ஓரமாக விட்டு நெம்பவும். நடுவில் இருக்கும் நாக்கைத் தொடக் கூடாது. ஊக்கு, ஹேர்பின், தையல் ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது. போனால் அதன்பின் அந்தப் போன் கள்ளக்குறிச்சி சர்வீஸ் கடைக்குத்தான் போகும். வெளியே வரும் பஞ்சுருண்டையின் அளவைப் பார்த்து உரிமையாளர் வெட்கப்படுவார். பரவாயில்லை.

இடைப்பிறவரலாக ஒன்று. பெரிய முனையை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்ற குழப்பத்துக்கு, யூஎஸ்பியை உருவாக்கிய குழுவில் முதன்மையானவரும் பரோடாவில் படித்தவருமான அஜய் பட் பின்னாளில் விளக்கம் சொன்னார்: இருபுறமும் ஏறும்படி செய்தால் கம்பிகள் இரட்டிப்பாகும், செலவும் இரட்டிப்பாகும். நம்மூர்க் கடைகளில் முனைமேல் இருக்கும் சூலக்குறி வானம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் நிற்க வைத்த சிபியூவுக்கு வானம் எந்தப் பக்கம் என்பது தெளிவில்லை.

புணர்ச்சி

நிலைமொழி கணினி, அது மேசையைவிட்டு நகராது. வருமொழி போன். இரண்டும் சேரும்போது நடப்பதை இலக்கணிகள் ஏற்கனவே வகுத்துவிட்டார்கள். மாற்றம் ஏதுமின்றிச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. இது நிகழும்போது யாரும் கடையில் இருக்கமாட்டார்கள், ஆகவே தரவு இல்லை. மற்றவை விகாரம்: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றல் என்பது போனின் பெயர் திரையில் தோன்றி, திறந்தால் உள்ளே காலியாக இருப்பது. “போட்டோ பூராம் போயிருச்சு” என்று அலறுவது இவ்விடத்தில்தான். ஒன்றும் போகவில்லை. போன் பூட்டியிருக்கிறது.

திரிதல் சுவையானது. போன் போனாக வராமல் வேறொன்றாக வரும். கேமராவாகத் திரிந்தால் படங்கள் மட்டும் தெரியும், சாதிச் சான்றிதழ் பிடிஎஃப் தெரியாது. டெதரிங் ஆனாக இருந்தால் மோடமாகத் திரியும். கடைக் கணினியில் ஆறு மாதமாகத் தேங்கிய விண்டோஸ் அப்டேட் முழுக்க உங்கள் டேட்டாவில் நடந்து முடியும். கடைக்காரர் இதைக் கவனிக்காததுபோல் இருப்பார்.

கெடுதல், வந்தது மறைவது. ‘டிங் டுங், டிங் டுங்’. சிபியூவின் முன்பக்க ஓட்டை உள்ளே ஒரு குட்டி ஒயரில் தொங்குகிறது, ஆயிரம் பென்டிரைவ் பார்த்துத் தளர்ந்தது. பின்பக்க ஓட்டை மதர்போர்டிலேயே பதிந்தது. சிபியூவைத் திருப்பச் சோம்பிக்கொண்டு அரைமணி நேரம் ஆட்டுவாராக வாழ்பவர்களை இவ்வாய்வு கண்டிக்கிறது.

இம்மூன்றிலும் அடங்காத ஒன்று, ‘டிவைஸ் நாட் ரெக்கக்னைஸ்டு’ என்று மூலையில் மஞ்சள் முக்கோணத்தோடு எழுவது. இதை வழு எனலாம். ஒயர் ஏறியதும் நடக்கும் உரையாடல் இது: போன் வெறுமனே தான் வந்திருப்பதாகக் கை தூக்கும். அதன்பின் கேட்பதெல்லாம் கணினி, போன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். தானாக முந்திப் பேசும் உரிமை அதற்கு இல்லை. யார் நீ, எந்தக் குலம் என்று கணினி கேட்கும். ரெட்மி போன் தன் குல எண் 2717 என்று சொல்லும். கணினி ஓர் இருக்கை எண் கொடுக்கும், 1 முதல் 127-க்குள். பிறகுதான் டிரைவர் வரும். இந்தக் குலம் கோத்திரம் கேட்கும் கட்டத்திலேயே பதில் குழறினால் வழு. முதலில் வேறு ஒயர், அப்புறம் வேறு ஓட்டை, அப்புறம் டிவைஸ் மேனேஜரில் அந்த உருப்படியை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி மாட்டுதல். வரிசை முக்கியம். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து விண்டோஸையே புதிதாகப் போட்ட வீரர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு.

நொச்சி

கோட்டையை வளைத்துத் தாக்குவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை பிரிக்கிறது. தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார். ஒயர் விஷயத்தில் வெண்பாமாலைக் கட்சியே சரி என்பது இவ்வாய்வின் துணிபு. நம் மக்கள் அறிந்ததெல்லாம் உழிஞை: ஒயரை ஆட்டுவது, முனையைக் குத்துவது, சிபியூ தலையில் தட்டுவது. தாழ்ப்பாளோ உள்ளே இருக்கிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடிய காலத்தில் (2006 முதல் 2014 வரை) போனை மாட்டினால் அதுவே வாய்விட்டுக் கேட்கும், மாஸ் ஸ்டோரேஜா பிசி சூட்டா என்று. மாஸ் ஸ்டோரேஜ் என்று அழுத்தினால் மெமரி கார்டு மொத்தமும் கணினி கைக்குப் போகும்; அதுவரை போன் தன் பாட்டைத் தானே பாட முடியாது. முழுச் சரணாகதி. ஆண்ட்ராய்டு இதை 2011 வாக்கில் கைவிட்டு எம்டிபி என்ற முறைக்கு மாறியது. இதில் கணினிக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. வாசலில் நின்று இன்ன கோப்பு வேண்டும் என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் தேடி எடுத்து நீட்டுவார். பெரிய போல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு ஊர்வது அதனால்தான். 2013-ல் ஐபோன் ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்று கேட்கத் தொடங்கியது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 இன்னும் இறுக்கியது: ஒயர் மாட்டினால் சார்ஜ் மட்டும், வேறு எதுவும் வேண்டுமென்றால் உரிமையாளர் தன் விரலால் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு சார்ஜர் பாயின்ட்டில் போனை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்கு இது நல்லது. ஜெராக்ஸ் கடையில் நிற்பவருக்கு இதுவே வில்லங்கம்.

நொச்சிக்கு நம்மூரிலேயே முன்மாதிரி உண்டு. 1790-ல் தொடங்கிய மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் தியாகதுருகக் கோட்டையைத் தாக்கினார். உள்ளே இருந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் பிளிண்ட். பத்தாண்டுக்கு முன் வந்தவாசியை ஹைதர் படையிடமிருந்து காத்து நின்றவர். கோட்டை விழவில்லை, திப்பு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார். பீரங்கி வைத்திருந்தவருக்கே அப்படி. கையில் நூறு ரூபாய் ஒயர் மட்டும் உள்ளவர் என்ன செய்வது?

“ஐயா, லாக்க எடுங்க.”

“எடுத்தாச்சுப்பா.”

“எங்க எடுத்தீங்க, திரும்ப இருட்டாப் போச்சே. எடுத்து அப்படியே மேலருந்து கீழ இழுங்க. சார்ஜிங்னு ஒண்ணு வருதா? அதத் தொடுங்க. ஃபைல் டிரான்ஸ்ஃபர் குடுங்க.”

இந்நான்கு கட்டளைகளில் முழுச் சாத்திரமும் அடங்கியிருப்பதால் இதற்கு உரை எழுதத் தேவையில்லை. ஒரே ஒரு சிக்கல்: அந்தப் பேட்டர்ன் லாக் பேரனுக்கு மட்டுமே தெரியும், பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கிறான் என்றால் கேப்டன் பிளிண்ட்டே தேவலை.

ஒவ்வொரு முறையும் இழுத்துத் தொட அலுத்தவர்களுக்கு ஒரு மறைவழி உண்டு. செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால், நீங்கள் இப்போது டெவலப்பர் என்று போன் வாழ்த்தும். பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் பிடிப்பது இங்கே ஏழு தட்டு. அதன்பின் திறக்கும் பட்டியலில் யூஎஸ்பி இயல்புநிலையை ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று நிரந்தரமாக்கலாம். செய்வது உசிதமில்லை, நொச்சிக்கு அர்த்தமே போய்விடும்.

மேலாய்வுக்கு

வீட்டில் எடுக்காத போன் கடையில் மட்டும் எப்படி எடுக்கிறது என்பதைக் கைராசி என்று சொல்லி விட்டுவிட முடியாது. கடைக்காரரின் கீபோர்டுக்குப் பின்னால், ரப்பர் பேண்டால் சிபியூவோடு சேர்த்துக் கட்டிய கறுப்பு ஒயர் ஒன்று இருக்கிறது. நான்கு நரம்பும் உள்ளது, முனை தேயாதது. “அண்ணே, அந்த ஒயரக் கொஞ்சம் குடுங்க, காலைல தந்துடறேன்” என்று கேட்டுப் பெற்றவர் இவ்வட்டாரத்தில் எவருமில்லை.

ஒயர் சரி, ஓட்டை சரி, தாழ் திறந்து கணினியும் வாசலில் வந்து நின்றபின் அடுத்த ஆய்வு தொடங்குகிறது. வேண்டிய படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அது டிசிஐஎம் போல்டரில் இருக்காது. ஆண்ட்ராய்டு 11 முதல் அதன் இருப்பிடம்: ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், அதற்குள் மறுபடியும் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் இமேஜஸ். உள்ளே ஆயிரக்கணக்கில் குட்மார்னிங் ரோஜாக்கள். வருமானச் சான்றிதழ் அவற்றுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கடைக்காரர் ஷட்டர் கொக்கியை எடுத்துவிட்டார்.

“இதுக்கு வாட்ஸ்அப் வெப்பே போட்ருக்கலாம். சரி, ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?”