ஃபில்டர் அண்ணா

டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் தமிழர் யாராவது புதுவீடு வாங்கிப் பால் காய்ச்சினால், வருகிறவர்கள் சமையலறைக் கிரானைட்டைத் தடவிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள். ஒருவர் மட்டும் ஷூவைக் கழற்றியதும் அண்ணாந்து பார்ப்பார். அந்த ஊர் வீடுகளில் கோடைக்குக் குளிர்ச்சி, குளிர்காலத்துக்குச் சூடு எல்லாம் ஒரே ஏற்பாடு. கூரையில் ஒரு கம்பித்தட்டி வழியாக வீட்டுக் காற்றை மெஷின் உறிஞ்சி, பதப்படுத்தி, அறை அறையாகத் திருப்பி அனுப்பும். தட்டிக்குப் பின்னால் ஃபில்டர். அதைக் கண்டுபிடித்ததும் வீட்டுக்காரரின் தோளில் கை போடுவார்.

“தம்பி, என்ன மெர்வ் போட்டிருக்கீங்க?”

“தெரியலையேண்ணா. பில்டர் வெச்ச ஃபில்டர்தான் இருக்கு.”

அண்ணா கண்ணை மூடித் திறப்பார். “ஏணி இருக்கா?”

இதற்குள் சாஸ்திரிகள் கணபதி ஹோமத்துக்கு உட்கார்ந்திருப்பார். புகை அலாரத்துக்கு யாரோ ஷவர் தொப்பியை மாட்டியிருப்பார்கள். அண்ணா குறுக்கே புகுந்து, “முதல்ல ஃபேனை ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா அத்தனை புகையும் ஃபில்டருக்குத்தான் நைவேத்தியம்” என்பார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் சங்கல்பத்தின் நடுவே சொல்வதுதான் சிக்கல். வீட்டுக்காரர் தன் கோத்திரத்தைக்கூட மறந்துபோவார்.

இந்த மெர்வ் என்பது ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த அளவு. 1 முதல் 16 வரை போகும். 8 என்று போட்ட ஃபில்டர், 3 முதல் 10 மைக்ரான் வரையுள்ள தூசியில் 70 சதவீதமாவது பிடிக்கும். 13 என்றால் அதைவிடப் பொடியான 0.3 முதல் 1 மைக்ரான் துகளிலும் பாதியையாவது பிடித்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அண்ணா வளர்ந்த வீட்டில் 97 வாங்கிக்கொண்டு வந்தால் மீதி 3 எங்கே என்று கேட்பார்கள். அவர் கண்ணுக்கு மெர்வ், பதினாறுக்கு நடத்தப்படும் பரீட்சை. 8 என்று போட்ட அட்டையைத் தொடவே கூசுவார், பாதி மார்க்! (அளவை வகுத்தவர்கள் நம் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரேங்க் முறையில் வைத்து, 1 தான் உசத்தி என்று சொல்லியிருப்பார்கள். எத்தனையோ மெஷின் பிழைத்திருக்கும்.)

கடைக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. ஹோம் டிப்போவில் எஃப்பிஆர் என்று 10 வரை ஒரு கணக்கு. 3எம் கம்பெனிக்கு எம்பிஆர் என்று ஆயிரக்கணக்கில் இன்னொரு கணக்கு. ‘13 எங்கே, 1900 எங்கே!’ என்று அண்ணா பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம். 16-க்கு 25-க்கு 1 அங்குலம் என்று அட்டையில் போட்டிருப்பதையும் டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய கால் அங்குலம் குறைகிறதே என்று கேஷியரிடம் நியாயம் கேட்பார். நழுவி உட்காரட்டும் என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. பின்னால் நாலு பேர் வண்டியோடு நிற்பார்கள்.

டிசம்பரில் சீடர் மரங்களின் மகரந்தம் பறக்கத் தொடங்கியதும் அண்ணாவின் குரல் ஓங்கும். பிப்ரவரி வரை ஊரே தும்மும் அந்தக் காலம் அவருக்கு மார்கழி உற்சவம். ஆனால் அந்த மகரந்தம் சுமார் 20 மைக்ரான் பருமன். அவர் தொடக் கூசும் 8-ஏ அதைப் பிடித்துவிடும். அதுவும் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வாசல் வழியாகத்தான் நிறைய வருகிறது. மாமனார் தஞ்சாவூரிலிருந்து வந்து, “மாப்பிள்ளை, கொஞ்சம் காத்தாட ஜன்னலைத் திறந்து வெச்சா என்ன?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். பாவம், அன்றைக்கு ராத்திரி பத்தரை வரை அவருக்கு வகுப்பு நடந்தது.

அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. மிளகாய் வற்றல் தாளிப்பதானால் மின்னடுப்பை கராஜுக்கு எடுத்துப் போய்விடுவார். வாசனை என்பது தூசி அல்ல, வாயு. அதைப் பிடிக்கக் கரி போட்ட ஃபில்டர் வேண்டும். அண்ணியிடம் இதைச் சொல்ல அண்ணாவுக்கு மட்டும் துணிச்சல் கிடையாது.

ஜூலையில் பரீட்சை வந்தது. வெளியே 104 டிகிரி. ஒரு அங்குலத் தடிமனில் கிடைத்த மிக நெருக்கமான ஃபில்டரை அண்ணா மாட்டியிருந்தார். நெசவு நெருங்க நெருங்க, காற்று புகுவது சிரமம். குளிர்ச்சுருளுக்குப் போதிய காற்று வராவிட்டால் ஈரம் அதன் மேலேயே உறைந்து பனிக்கட்டியாகும். குளிர்காலமாக இருந்தால் ஹீட்டர் சூடு தாங்காமல் தானே அணைந்திருக்கும். மெஷின் ராப்பகலாக ஓடியும் வீடு 85-க்குக் கீழே இறங்கவில்லை. வந்த மெக்கானிக் பேசாமல் ஃபில்டரை உருவினான், காற்றழுத்தத்தை அளந்தான். பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு அரை அங்குல நீர் அழுத்தம்தான் கணக்கு. இங்கே அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. வண்டியிலிருந்து மடிப்பு வைத்த சாதாரண 8 ஒன்றைக் கொண்டுவந்து செருகிவிட்டு, பில்லை நீட்டினான்.

அண்ணா திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமே மனோமீட்டர் வாங்கிவிட்டார். இப்போது, “மெர்வ் எல்லாம் சும்மா தம்பி, பிரஷர் டிராப்தான் விஷயம்” என்கிறார். நாலு அங்குலத் தடிமன் ஃபில்டரில் மடிப்புப் பரப்பு அதிகம், காற்று தாராளமாகப் போகும், மாதக்கணக்கில் மாற்ற வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். அதை மாட்டுவதற்காக மச்சில் தகரக் குழாயை அறுத்து, தனிப்பெட்டி வைத்ததற்கு ஆன செலவை அண்ணி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

என்னைக் கேட்டால், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இல்லையென்றால் 8 போதும். ஆசைப்பட்டால் 11. மாதம் ஒருமுறை பாருங்கள், அழுக்கேறியதும் மாற்றுங்கள், மூன்று மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். ஓரத்து அம்புக்குறி மெஷினைப் பார்த்து இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால், மெஷின் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அண்ணாவிடம் கேட்காதீர்கள், அவருக்கும் இப்போது நேரமில்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவதால் சுண்ணாம்புச் சத்து கூடின கடினநீர். அது அவர் காதில் விழுந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் சட்டைப்பையிலிருந்து சோதனைக் காகிதத்தை எடுத்தால் தப்பாக நினைக்காதீர்கள். காபியை மட்டும் உடனே கொடுத்துவிடாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்.